ஊசி போடத் தெரிந்துவிட்டது, இன்னும் இரண்டு வருடம் எதற்கு?

ஒரு தகப்பனார் கேட்டிருந்தார்: "என் மகள் பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு முடித்துவிட்டாள். ஊசி போடுகிறாள், பி.பி. பார்க்கிறாள், டிரிப் ஏற்றுகிறாள், புண்ணுக்குக் கட்டுப் போடுகிறாள். எங்கள் தெருவில் ஒரு பெண் ஆறு மாதம் ஏதோ கோர்ஸ் படித்துவிட்டு இதே வேலையைத்தான் கிளினிக்கில் செய்கிறாள். இன்னும் இரண்டு வருடத்தில் அப்படி என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள்? மூன்றாம் ஆண்டு தொடங்கியதிலிருந்து லீவுக்கு வந்தால் பிள்ளை சரியாகப் பேசுவதும் இல்லை."

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நான் சில வருடம் லேபர் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்துவிட்டு, பிறகு நர்சிங் மாணவிகளை வார்டுக்கு அழைத்துப் போகும் டியூட்டராக நெடுங்காலம் வேலை பார்த்தவள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் இரண்டு ஆண்டுகளில் கை பழகுகிறது. படுக்கை விரிப்பதில் தொடங்கி, உடற்கூறு, மருந்தியல், நுண்ணுயிரியல், பெரியவர்களுக்கு வரும் நோய்கள் வரை படித்துவிடுகிறார்கள். ஒரு மாணவிக்கு ஒன்றிரண்டு நோயாளிகளைக் கொடுப்போம். சொன்னதைச் சரியாகச் செய்தால் போதும், பக்கத்திலேயே நாங்கள் நிற்போம். மூன்றாம் ஆண்டிலிருந்து நாங்கள் மெல்ல விலக ஆரம்பிப்போம். அங்கிருந்து அவள் கற்றுக்கொள்ள வேண்டியது, நோயாளியிடம் ஏதோ மாறுகிறது என்பதை மற்றவர்களுக்கு முன்னால் பார்ப்பது. பார்த்ததை, கேட்க வேண்டியவர் கேட்கும்வரை சொல்வது. ஊசி போடுவதை ஒரு மாதத்தில் யாருக்கும் பழக்கிவிடலாம். இந்த இரண்டும் வருவதற்குத்தான் மீதி இரண்டு வருடம்.

2021-22 கல்வியாண்டிலிருந்து பி.எஸ்சி. நர்சிங் எட்டு செமஸ்டராக நடக்கிறது. ஐந்தாவதில் குழந்தை நலம், மனநலம், சமுதாய நலம் மூன்றும் ஒன்றாக வந்துவிடும். ஆறாவதில் குழந்தை நலமும் மனநலமும் தொடர, பிரசவம் சார்ந்த மிட்வைஃபரியும் வார்டு நிர்வாகமும் சேர்கின்றன. ஏழாவதில் மிட்வைஃபரியின் அடுத்த பகுதி, சமுதாய நலத்தின் அடுத்த பகுதி, ஆராய்ச்சியும் புள்ளியியலும். எட்டாவது முழுக்க இன்டர்ன்ஷிப். இதில் வகுப்பறையை விட வார்டுதான் முக்கியம் என்பது என் கருத்து. அதனால் வார்டு வார்டாகவே போகலாம்.

குழந்தைகள் வார்டு கணக்குப் போடும் இடம். பெரியவர்களுக்கு "ஒரு மாத்திரை, மூன்று வேளை" என்று ஓடிவிடும். குழந்தைக்கு எல்லாமே எடைக் கணக்கு. 10 கிலோ குழந்தைக்குக் காய்ச்சல், பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் 150 மில்லிகிராம். 5 மில்லியில் 125 மில்லிகிராம் இருக்கும் சிரப் என்றால் 6 மில்லி. அதே பெயரில் டிராப்ஸ் பாட்டில் ஒன்று உண்டு. அதில் ஒரே மில்லியில் 100 மில்லிகிராம், எனவே ஒன்றரை மில்லி போதும். சிரப் அளவை நினைவில் வைத்துக்கொண்டு டிராப்ஸை 6 மில்லி ஊற்றினால் நான்கு மடங்கு மருந்து உள்ளே போய்விடும். மாணவிக்கு இதைப் பாடமாகச் சொல்வதோடு நான் விடுவதில்லை. டிஸ்சார்ஜ் ஆகும் தாயிடம் பாட்டிலைக் கையில் கொடுத்து "எவ்வளவு ஊத்துவீங்க, காட்டுங்க" என்று கேட்கச் சொல்வேன். தாய் ஊற்றிக் காட்டும்போதுதான், நாம் சொன்னது அவருக்குப் புரிந்ததா என்று தெரியும்.

அந்த வார்டில் இன்னொன்றும் படிகிறது. குழந்தையைத் தொடுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். தொட்டால் அழும், அழுதால் எல்லா எண்ணும் மாறிவிடும். அதனால் தாயின் மடியில் இருக்கும்போதே சட்டையை லேசாகத் தூக்கி ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணச் சொல்வோம். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தை என்றால் 60, ஒரு வயதுக்குள் என்றால் 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் என்றால் 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வேகமான மூச்சு. மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிகிறதா, பால் குடிக்கிறதா, கண் விழித்துப் பார்க்கிறதா என்பதையும் சேர்த்தால், ஸ்டெதஸ்கோப் இல்லாமலேயே எந்தக் குழந்தையை உடனே அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிடலாம். மலையடிவாரத்துத் துணை சுகாதார நிலையத்தில் தனியாக இருக்கும் நர்ஸுக்கு இந்த ஒரு நிமிட எண்ணிக்கைதான் கைகொடுக்கும்.

மூச்சு எண்ணுவதைப் பற்றி ஒரு மனக்குறை எனக்கு உண்டு. பல வார்டுகளின் கேஸ் ஷீட்டைப் புரட்டினால், எல்லாருக்கும் மூச்சு 20 என்றே எழுதியிருக்கும். நிமோனியாக்காரருக்கும் 20, மறுநாள் வீட்டுக்குப் போகிறவருக்கும் 20. நாடியும் பி.பி.யும் மெஷின் சொல்லிவிடுகிறது, மூச்சை மட்டும் நின்று எண்ண வேண்டியிருக்கிறது, அதனால் விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஒருவர் உடல்நிலை மோசமாகும்போது பெரும்பாலும் முதலில் மாறும் எண்களில் மூச்சும் ஒன்று. பி.பி. இறங்குவது கடைசியில். இதை மூன்றாம் ஆண்டில் பழக்காவிட்டால் பிறகு யாரும் பழக்கப்போவதில்லை.

அடுத்தது லேபர் வார்டு. உங்கள் மகளின் மௌனத்தில் பாதி இங்கிருந்து வருவதாக இருக்கலாம்.

நாங்கள் நடத்திய பழைய பாடத்திட்டத்தில் ஒரு மாணவி 30 கர்ப்பிணிகளைப் பரிசோதிக்க வேண்டும், 20 சுகப்பிரசவம் பார்க்க வேண்டும், பிரசவமான 20 தாய்மாரைக் கவனிக்க வேண்டும், பிறந்ததும் மூச்சு விடாத 5 குழந்தைகளுக்கு மூச்சு வரவைக்கும் முதலுதவியில் பங்கெடுக்க வேண்டும். எண்களைக் கேட்டால் ஏதோ ரெக்கார்டு நோட்டை நிரப்பும் வேலை மாதிரி இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு இரவு இருக்கிறது.

பிரசவ வலி வந்து உள்ளே வந்த பெண்ணின் வயிற்றில் கை வைத்து, பத்து நிமிடத்தில் எத்தனை முறை வலி வருகிறது, ஒவ்வொன்றும் எத்தனை விநாடி நிற்கிறது என்று எண்ணுவார்கள். அரை மணிக்கு ஒருமுறை குழந்தையின் இதயத் துடிப்பு, அது 110-க்கும் 160-க்கும் நடுவில் இருக்க வேண்டும். கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து பார்டோகிராஃப் என்ற கட்டம் போட்ட தாளில் குறிப்பார்கள். அதில் சாய்வாக ஒரு எச்சரிக்கைக் கோடு இருக்கும். குறித்த புள்ளிகள் அந்தக் கோட்டுக்கு வலது பக்கம் போனால் பிரசவம் தாமதமாகிறது, மேல் மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். எல்லாம் முடிந்த பிறகு உட்கார்ந்து அழகாக நிரப்பும் தாளால் தாய்க்கு ஒரு பயனும் இல்லை. அதனால்தான் வலி நடக்கும்போதே குறிக்க வேண்டும் என்று அடம் பிடிப்போம்.

கர்ப்ப காலத்தில் பி.பி. ஏறி ஜன்னி கண்ட பெண்ணுக்கு மெக்னீசியம் சல்ஃபேட் கொடுப்பார்கள். உயிரைக் காக்கும் மருந்து, அளவு மீறினால் மூச்சை நிறுத்தும் மருந்தும் அதுவே. அடுத்த டோஸுக்கு முன்னால் மூன்று விஷயம் பார்க்காமல் ஊசியைத் தொடக்கூடாது என்று சொல்லித் தருகிறோம்: முழங்காலுக்குக் கீழே தட்டினால் கால் உதறுகிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, போன நான்கு மணி நேரத்தில் சிறுநீர் 100 மில்லியாவது வந்திருக்கிறதா. இதில் ஒன்று குறைந்தாலும் டோஸை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். அதன் வேகத்தை முறிக்கும் மருந்தான கால்சியம் குளுக்கோனேட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். "டாக்டர் எழுதினார், நான் போட்டேன்" என்ற பேச்சு இங்கே எடுபடாது. எழுதியதைக் கொடுக்கலாமா என்று அந்த நிமிடத்தில் முடிவு செய்வது, பக்கத்தில் நிற்கும் நர்ஸ். ஆறு மாதக் கோர்ஸ் படித்த பெண்ணைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்த முடிவை அவள் தலையில் யாரும் ஏற்றுவதில்லை, ஏற்றவும் கூடாது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி, இரவு டியூட்டி. பிரசவமாகி இரண்டு மணி நேரமான ஒரு பெண் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டிருக்கிறாள், கொஞ்சம் படபடப்பாக இருந்திருக்கிறாள். பி.பி. 110/70. பேடில் ரத்தம் அதிகம் இல்லை. நாடி மட்டும் 116. இவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்திருக்கிறாள். பிரசவத்துக்குப் பிறகு தொப்புளுக்குக் கீழே கிரிக்கெட் பந்து போல இறுகியிருக்க வேண்டிய கர்ப்பப்பை, தொப்புளுக்கு மேலே ஏறி, வலப்பக்கம் ஒதுங்கி, பிசைந்த மாவு மாதிரி இருந்திருக்கிறது. டியூட்டி சிஸ்டர் பக்கத்து டேபிளில் இன்னொரு பிரசவத்தில். போய்ச் சொன்னதற்கு, "பி.பி. நல்லாத்தானே இருக்கு, முடிச்சிட்டு வரேன்" என்று பதில் வந்தது. அவர்மேல் தப்பில்லை, அவர் கையில் அப்போது ஒரு குழந்தையின் தலை. மாணவி திரும்பி வந்து வயிற்றின் மேல் கையால் கர்ப்பப்பையைத் தேய்க்க ஆரம்பித்தாள். கூட இருந்த தோழியை டாக்டரிடம் ஓடச் சொன்னாள். இருந்த இடத்திலிருந்தே மறுபடி சத்தமாகச் சொன்னாள்: "சிஸ்டர், கர்ப்பப்பை இறுகல. பல்ஸ் 116. சிறுநீர்ப்பை நிறைஞ்சிருக்கு. இப்பவே ஆள் வேணும்."

ஆள் வந்தது. டியூப் போட்டு எடுத்தால் சிறுநீர் 700 மில்லி. நிறைந்த சிறுநீர்ப்பை கர்ப்பப்பையை இறுக விடாமல் மேலே தள்ளியிருந்தது, உள்ளே ரத்தக்கட்டிகள் தேங்கியிருந்தன. வெளியில் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது ரத்தம். சிறுநீர் வடிந்ததும், கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் டிரிப் ஏறியதும், அது இறுகியது. அந்தப் பெண் மூன்றாம் நாள் குழந்தையோடு வீட்டுக்குப் போனாள்.

மாணவி அன்று செய்ததில் பாதி கையால், பாதி வாயால். முதல் தடவை சொல்வதற்குப் புத்தக அறிவு போதும். இரண்டாவது தடவை, தன்னைவிட இருபது வருடம் மூத்தவரிடம், என்ன பார்த்தேன், எனக்கு என்ன வேண்டும் என்று எண்ணோடு சொல்வதற்குப் பயிற்சி வேண்டும். இப்போது அதற்கு ஒரு முறையே கற்றுத் தருகிறார்கள். எஸ்பார் என்று சொல்வார்கள்: இப்போது என்ன நிலை, முன்கதை என்ன, நான் என்ன நினைக்கிறேன், உங்களிடமிருந்து என்ன தேவை. இந்த வரிசையில் அரை நிமிடத்தில் சொல்லிவிட வேண்டும். மரியாதையாகப் பேசு, பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று வளர்த்த பிள்ளைகளுக்கு இது லேசில் வராது. வகுப்பில் டாக்டராக ஒருத்தி, நர்ஸாக ஒருத்தி என்று நடிக்கவிட்டுப் பழக்குவேன். முதல் நாள் எல்லாருக்கும் குரல் கம்மிவிடும்.

நானே அப்படித்தான் இருந்தேன். நான் மாணவியாக இருந்தபோது ஒரு இரவு, முதுகில் மயக்க ஊசி போட்டுக் குடலிறக்க ஆபரேஷன் செய்த ஒரு தாத்தா தூங்காமல் புரண்டுகொண்டே இருந்தார். வயசானவர், குழப்பத்தில் இருக்கிறார் என்று நினைத்து, கேஸ் ஷீட்டில் "அமைதியின்றி இருக்கிறார்" என்று எழுதிவிட்டுப் போனேன். காலையில் சிஸ்டர் வந்து போர்வையை விலக்கி அடிவயிற்றைத் தொட்டார். சிறுநீர் வெளியேறாமல் பானை மாதிரி வீங்கியிருந்தது. இரவு முழுக்க அவர் பட்ட வலியை நான் ஒரு வார்த்தையாக எழுதி வைத்திருந்தேன். எழுதினேன், ஏன் என்று கேட்கவில்லை, வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. பிறகு என் மாணவிகளிடம் "அமைதியின்றி" என்ற சொல்லைக் கேஸ் ஷீட்டில் கண்டால், காரணம் எழுதாமல் விடமாட்டேன்.

லேபர் வார்டில் இன்னொன்றும் அவர்கள் பார்ப்பார்கள். வலியில் கத்தும் பெண்ணை அதட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது துணைக்கு ஒரு பெண்ணை உடன் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. ஆனாலும் இடநெருக்கடியும் களைப்பும் சேர்ந்தால் வாய் நீண்டுவிடுகிறது. இருபது வயதுப் பெண் இதைப் பக்கத்தில் நின்று பார்க்கும்போது, தானும் அப்படிப் பேசப் பழகலாம், அல்லது பேசமாட்டேன் என்று முடிவெடுக்கலாம். எந்தப் பக்கம் போவாள் என்பது, கூட நிற்கும் டியூட்டர் அன்று என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தது. வலியில் கத்தும் பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்ளும் வேலையை நான் வேண்டுமென்றே மாணவிக்குக் கொடுப்பேன். அதற்கு மார்க் கிடையாது.

அடுத்து மனநலம். பல மாவட்டங்களிலிருந்து மாணவிகள் இதற்காகச் சென்னைக்குப் போய்த் தங்கிக் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தில் போஸ்டிங், அதாவது வார்டுப் பயிற்சி, செய்கிறார்கள். 1794-ல் தொடங்கிய அமைப்பு அது. போகும்போது பயம், வரும்போது அங்கிருந்த யாரையாவது நினைத்து அழுகை. இரண்டும் வருடாவருடம் நான் பார்த்தது.

அங்கே ஊசிக்கும் டிரிப்புக்கும் வேலை குறைவு, பேச்சுதான் வேலை. நோயாளியிடம் பேசியதை வார்த்தை மாறாமல் எழுதி, தான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். முதல் வாரத்து நோட்டைப் பார்த்தால் எல்லாரும் "கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லியிருப்பார்கள். அதை அடித்துவிட்டு, அந்த நேரத்தில் அவர் என்ன சொல்ல வந்தார் என்று கேட்போம். அப்போதுதான் தெரியும், அந்த ஒரு வாக்கியம் அவர் வாயை அடைத்துவிட்டது என்று. சும்மா பத்து நிமிடம் பக்கத்தில் உட்காருவதும் ஒரு வேலைதான் என்று புரிய இரண்டு வாரமாவது ஆகும்.

இதோடு மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளிக்கிறாரா என்று பார்ப்பது, லித்தியம் என்ற மனநல மருந்து சாப்பிடுகிறவருக்கு வாந்தியும் பேதியும் கைநடுக்கமும் வந்தால் அது மருந்து ரத்தத்தில் கூடிவிட்டதன் அடையாளமா என்று யோசிப்பது எல்லாம் உண்டு. சட்டமும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். இன்றைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு அது பிறப்பதற்கு முந்தைய கதை. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியில் கட்டுவதையும், மயக்க மருந்து கொடுக்காமல் மின் அதிர்ச்சி கொடுப்பதையும் தடை செய்கிறது என்று பாடம் எடுக்கும்போது, ஏர்வாடியைச் சொல்லாமல் நான் எடுத்ததில்லை.

அதே சட்டத்தின் 115-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. இது மனநல வார்டைவிட அவசர சிகிச்சைப் பிரிவான காஷுவால்டிக்குத்தான் அதிகம் தேவை. பூச்சிமருந்து குடித்துவிட்டு வருகிறவருக்கு வயிற்றைக் கழுவுவார்கள், விஷத்தை முறிக்க அட்ரோபின் ஏற்றுவார்கள், ராத்திரி முழுக்கப் பாடுபடுவார்கள். பிழைத்து எழுந்ததும் "இதுக்குப் போயி குடிச்சியா" என்று ஒரு வார்த்தை வந்து விழும். ஏன் குடித்தார், மறுபடி தோன்றுகிறதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று மாணவிகள் தயங்குவார்கள். விதைக்க மாட்டோம், கேட்டால் பெரும்பாலும் சொல்வார்கள். கேட்கும் வாக்கியத்தை அவர்கள் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டியிருக்கிறது: "சாகணும்னு இப்பவும் தோணுதா?"

சமுதாய நலம் என்றால் ஊருக்குள் போவது. பொதுவாக ஐந்தாயிரம் பேருக்கு, மலைப்பகுதியில் மூவாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதில் கிராம சுகாதார செவிலியர். அவர் பின்னால் மாணவிகள் நடப்பார்கள். புதன்கிழமை தடுப்பூசி. மருந்துக் குப்பியின் மேல் வட்டத்துக்குள் ஒரு சின்னச் சதுரம் இருக்கும், அது வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பி சூடுபட்டுக் கெட்டுவிட்டது. ஊசி போட்ட குழந்தையை அரை மணி நேரம் உட்கார வைக்க வேண்டும். இவை எல்லாம் ஒரு நாளில் வந்துவிடும்.

வீட்டுக்குள் நுழைவதுதான் வராது. வார்டில் நோயாளி நம் இடத்தில் இருக்கிறார், இங்கே நாம் அவர் வீட்டுத் திண்ணையில். ஒரு வீட்டில் ஒரு பாட்டிக்குச் சர்க்கரை 300-க்கு மேல். மாத்திரை மாதாமாதம் வீட்டுக்கே வருகிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார். மாணவி "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா" என்றாள். "போடுறேன்மா." அவ்வளவுதான், நோட்டில் எழுதிக்கொண்டாள். மறுவாரம் போனபோது டப்பாவைக் காட்டச் சொல்லியிருக்கிறாள். பாதி அட்டை பிரிக்கவே இல்லை. பிறகுதான் கதை வெளியே வந்தது: அந்த மாத்திரை போட்டால் வயிறு கலக்குகிறது, நூறு நாள் வேலைக்குப் போகும் இடத்தில் ஒதுங்க மறைவு கிடையாது. அது மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை, அதற்கு அந்தக் குணம் உண்டு. சாப்பாட்டோடு சேர்த்துப் போடலாம், வேலைநாளில் நேரத்தை மாற்றலாமா, மாத்திரை வகையை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். பாட்டி சோம்பேறியும் இல்லை, அறியாதவரும் இல்லை. இதை அந்த மாணவி நேரில் பார்த்துவிட்டதால், நான் தனியாக எடுத்துச் சொல்லத் தேவைப்படவில்லை.

ஆராய்ச்சிப் பாடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறேன். குழுவாகச் சேர்ந்து ஒரு சிறு ஆய்வு செய்வார்கள், தலைப்புகள் பெரும்பாலும் பழையவை. அதில் கிடைக்கும் நல்ல பழக்கம், ஒருவரிடம் கேள்வி கேட்பதற்கு முன் அவர் சம்மதத்தைக் கேட்பது. தடயவியல் நர்சிங் என்று ஒரு பாடம் புதிதாக வந்திருக்கிறது. அதை நான் மனமார வரவேற்கிறேன். தாக்கப்பட்டோ பாலியல் வன்முறைக்கு ஆளாகியோ வருகிறவரின் துணியைத் துவைக்கக் கொடுத்துவிடாமல், ஈரம் காயவிட்டு, பிளாஸ்டிக்கில் போடாமல் காகித உறையில் வைக்க வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? பாலியல் வன்முறைக்கு ஆளானது பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை என்றால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், குடும்பம் வேண்டாம் என்றாலும்.

வார்டு நிர்வாகம் கேட்க வறட்சியாக இருக்கும். நான் ஒரு தாளைக் கொடுப்பேன்: 30 படுக்கை, இரவில் இரண்டு நர்ஸ், ஆபரேஷன் முடிந்து வந்தவர் இருவர், ரத்தம் ஏறுகிறவர் ஒருவர், கட்டிலிலிருந்து இறங்கி நடக்கப் பார்க்கும் தாத்தா ஒருவர். யார் எந்தப் பக்கம்? ஒருத்தி சாப்பிடப் போனால் யார் எதைப் பார்ப்பது? எமர்ஜென்சி ட்ராலியை டியூட்டி ஏறியதும் யார் திறந்து பார்த்தது, தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பின் விளக்கு எரிகிறதா? அதுவரை தன் நோயாளியை மட்டும் பார்த்த பெண் அந்தத் தாளில்தான் முதன்முதலாக முழு வார்டையும் பார்ப்பாள்.

கடைசி செமஸ்டர் இன்டர்ன்ஷிப் 22 வாரம், வாரத்துக்கு 48 மணி நேரம். பெரியவர்கள் வார்டும் ஐ.சி.யூ.வும் 6 வாரம். குழந்தைகள், மனநலம், பிரசவம், சமுதாய நலம் தலா 4 வாரம். புதிதாகப் பாடம் என்று அதிகம் இல்லை. காலை ஏழு மணிக்கு ஹேண்ட் ஓவர், அதாவது நோயாளிகளின் விவரமும் பொறுப்பும், வாங்கி, மதியம் ஹேண்ட் ஓவர் கொடுத்து, நடுவில் வந்த எல்லாவற்றையும் தானே சமாளிக்கிறாள். இதை முடித்து, மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தால் நர்ஸாகவும் மிட்வைஃபாகவும் பதிவு கிடைக்கும். உங்கள் தெருப் பெண்ணுக்கும் உங்கள் மகளுக்கும் உள்ள சட்டப்படியான வித்தியாசம் இதுதான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எல்லாக் கல்லூரியிலும் இதெல்லாம் இப்படியே நடப்பதில்லை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவம் சிசேரியன். சுகப்பிரசவம் குறையக் குறைய, ஒரே லேபர் வார்டில் நான்கு கல்லூரி மாணவிகள் ஒரு பிரசவத்துக்காகக் காத்து நிற்கிறார்கள். அப்போது பார்க்காத பிரசவத்தை ரெக்கார்டில் எழுதிக் கணக்குக் காட்டும் பழக்கம் சில இடங்களில் வந்துவிட்டது. அது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். உங்கள் மகளிடம் "எத்தனை பிரசவம் நீயே பார்த்தாய்" என்று அன்பாகக் கேளுங்கள். குறைவு என்றால், இன்டர்ன்ஷிப்பில் கூடுதலாக நைட் டியூட்டி கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கேட்கிற பிள்ளைக்கு எந்த டியூட்டரும் மறுப்பதில்லை.

இனி அவள் பேசாததற்கு வருகிறேன். இந்த ஒரு வருடத்தில் அவள் ஒரு குழந்தை இறப்பதைப் பார்த்திருக்கலாம். இறந்து பிறந்த குழந்தையைத் துடைத்துத் துணி சுற்றித் தாயிடம் காட்டியிருக்கலாம். மகனே வந்து பார்க்காத ஒரு நோயாளியோடு நான்கு வாரம் பழகிவிட்டு வந்திருக்கலாம். வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இதை எங்கிருந்து தொடங்குவாள்? நோயாளியைப் பற்றி வெளியில் சொல்லக்கூடாது என்றும் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். பெயரும் ஊரும் சொல்லாமல், தனக்கு எப்படி இருந்தது என்று பேசலாம் என்பதையும் நாங்கள் சொல்லியிருக்க வேண்டும், பல நேரம் விட்டுவிடுகிறோம். நீங்கள் துருவிக் கேட்க வேண்டாம். அவள் அம்மாவோ நீங்களோ மாடியில் துணி எடுக்கும்போதோ, வண்டியில் பஸ் ஸ்டாண்டு போகும்போதோ "இந்த போஸ்டிங் கஷ்டமா இருந்துச்சா" என்று ஒரு தடவை கேட்டுவிட்டு விடுங்கள். முகம் பார்க்காமல் பேசும் இடத்தில் எளிதாக வரும். நைட் டியூட்டி முடிந்து வந்தால் பகலில் தூங்க விடுங்கள், உறவினர் வீட்டுக்குக் கூப்பிடாதீர்கள். சில வாரமாகியும் தூக்கமில்லை, சாப்பாடில்லை, கல்லூரிக்கே போகமாட்டேன் என்றால், அது போஸ்டிங் களைப்பைத் தாண்டிய விஷயம். அவளுடைய வகுப்பு ஆசிரியரிடம் பேசுங்கள், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

அப்புறம், ஏதாவது வாங்கிக் கொடுக்க நினைத்தால், விநாடி முள் உள்ள கடிகாரம் ஒன்று வாங்கிக் கொடுங்கள். கையில் கட்டும் வகை வேண்டாம், கை கழுவ இடைஞ்சல். சட்டையில் குத்திக்கொள்ளும் நர்ஸ் வாட்ச் என்று கேட்டால் கிடைக்கும். செல்போனில் நேரம் பார்க்கலாமே என்பாள். வார்டில் செல்போனை எடுத்தால் இன்சார்ஜ் சிஸ்டர் திட்டுவார். மேலும், குழந்தையின் நெஞ்சையும் விநாடி முள்ளையும் ஒரே பார்வையில் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ண அதுதான் வசதி.